நோர்வே தோட்டம், தலவாக்கலை

"மூக்கன்!" என்று கணக்கப்பிள்ளை ஏட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பிரேசில்!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து பதில் வந்தது.

அந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான். ஐம்பத்திரண்டாம் வருஷம், ஆடி மழை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து குடும்பத்தோடு தலவாக்கலைப் பக்கம் மாறி வந்து, மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். பெரட்டு என்றால் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு நீ எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவது. பெயரைக் கூப்பிட்டால் "ஐயா" என்று சொல்ல வேண்டும். பிரேசில் என்று சொல்லக் கூடாது.

"என்னடா சொன்ன?"

"வாய் தவறி வந்துருச்சுங்க ஐயா. காப்பி வெளையிற ஊருங்க."

"அப்ப அங்கேயே போயி வேலை செய்யி. இங்க ஒனக்கு இன்னிக்கி அரைப்பேருதான்."

அரைப்பேர் என்றால் நாள் முழுக்க வேலை, பாதிச் சம்பளம். பக்கத்தில் நின்ற பெண்கள் கம்பளிக்குள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த ஆளுக்கு ஏதோ கழன்றிருக்கிறது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். மனிதரை எடைபோடுவதில் எனக்கு இருந்த திறமை அவ்வளவு.

அன்று மாலையே, பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் உறவு பிடித்துவிட்டேன். என் அம்மாவின் கூடப் பிறந்த அக்கா அம்மாக்கண்ணு. அவருடைய வீட்டுக்காரர் மாயாண்டி. மாயாண்டியின் கடைசித் தம்பி கொத்மலைப் பக்கம் மண்சரிவில் போனவர். அவருடைய ஒரே மகன்தான் இந்த மூக்கன். எனக்கு அண்ணன் முறை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வாய்ப்பாடு என் தலையில் நிற்கவே இல்லை. யார் யாருக்கு என்ன முறை என்பது மட்டும் ஒருமுறை கேட்டால் சாகிறவரைக்கும் நிற்கும்.

அண்ணனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. நிழலுக்கு நட்ட சவுக்குமரம் மாதிரி உயரம், ஒல்லி. சாமானை அடிப்பக்கம் திருப்பிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. லாந்தரைக் கொடுத்தால் திருப்புவார். பீங்கான் கோப்பையைக் கொடுத்தால் திருப்புவார். குடிக்கிற சாயத்தண்ணி உள்ளே இருக்கிறதே என்று யோசிப்பது பிறகுதான். ஒருமுறை பங்களாவில் மேசை தூக்கப் போனவர், துரைசாணியின் சூப்புத் தட்டைத் திருப்பிப் பார்த்து, சமையற்கார அப்புவிடம் பிடரியில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். "அடிச்சா அடிச்சிட்டுப் போறாரு தங்கச்சி, தட்டுக்கு அடியில ஒரு ஊரு இருந்திச்சு" என்றார்.

அந்த ஊர் எது என்று கேட்டால் தெரியாது. ஏனென்றால் அவருக்குப் படிக்க வராது. தேயிலை அனுப்புகிற நாளில் அவருக்கு ஸ்டோரில் வேலை. எழுத்து வெட்டிய தகரத் தகட்டைப் பெட்டிமேல் வைத்து, கறுப்பு மையைத் தூரிகையால் அடிக்க வேண்டும். தேயிலையின் தரத்துக்கான பி, ஓ, பி என்ற மூன்று இங்கிலீசு எழுத்து. அவருக்குத் தெரிந்த படிப்பு அதுதான். அந்த வேலையிலிருந்துதான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

"இம்புட்டுப் பெட்டிய அனுப்புறோமே, இது யாரு வீட்டுல போயி எறங்குது? நம்ம கொழுந்தக் குடிக்கிறவன் யாருன்னு நமக்குத் தெரிய வேணாமா?" என்று எல்லாரையும் கேட்பார். எல்லாரும் வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டு பேர் மட்டும் வேண்டும் என்றோம். அதுதான் எங்கள் வாலிபர் சங்கம்.

தொழிற்சங்கப் பேச்சு எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைக்காம்பராவில் கூடத் துரை அனுமதி கொடுத்திருந்தார். வேலை நாளில் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறை அது. அதன் ஆயா காளியாயி அக்கா கதவோரம் வெற்றிலை இடித்துக்கொண்டு காவல் இருப்பார் என்பதால்தான் என்னைப் போன்ற குமரிகளை வீட்டார் போகவிட்டார்கள். பிள்ளைகளின் தொட்டில்துணிகளுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துகொண்டு நாங்கள் உலகத்தைப் படித்தோம்.

படித்த முறைதான் வேடிக்கை. எங்களில் யாரும் தேசப்படம் பார்த்தவர்கள் இல்லை. ஆகவே அண்ணன் நாடுகளுக்குப் பெரட்டு வைத்தார். ஆளுக்கு ஒரு நாடு, ஒரு மாதத்துக்கு. நான் வந்த மாதம் அவருக்குப் பிரேசில். "பர்மா!" என்று கூப்பிட்டால் பர்மாவாக இருக்கிறவர் எழுந்து நின்று, அந்த வாரம் என்ன கண்டுபிடித்தார் என்று சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சு மட்டும் போதாது. கையால் தொட ஒரு பொருளும் வேண்டும். ஒன்றும் கொண்டுவராதவருக்கு அரைப்பேர். பர்மாவுக்கு ஒரு பிடி கூப்பன் அரிசி வந்தது. ஈராக்குக்கு ஒட்டிக்கொண்ட பேரீச்சம்பழம். ஜெர்மனிக்கு லாந்தர்ச் சிமினி. எல்லாம் தலவாக்கலையில் ஹுசைன் நானாவின் கடை உபயம். பெட்டி உடைக்கும்போது அவர் லேபிளைக் கிழியாமல் எடுத்து வைத்து, எந்த ஊர் என்று வாசித்தும் சொல்வார். "மூக்கன், நீ வாங்குறது கால் றாத்தல் சீனி, கேக்குறது ஒலகம் முழுக்க" என்பார்.

எனக்கு முதல் மாதம் ஆஸ்திரேலியா கிடைத்தது. நாலு ஞாயிறும் வெறுங்கையோடு நின்று நாலு அரைப்பேர் வாங்கினேன். ஆஸ்திரேலியா என்னிடம் இல்லாமல் இல்லை. எங்களுக்கு அளக்கிற கோதுமை மாவு அங்கிருந்து வருவது. மாவுச் சாக்கைப் பிரித்து அம்மா எனக்கு உள்பாவாடை தைத்திருந்தார். நாட்டின் பெயர் பின்பக்கம் பெரிய எழுத்தில் இருந்தது. சபையில் அதை எப்படிக் காட்டுவது? என் தடுமாற்றத்தைப் பார்த்த காளியாயி அக்கா, "ஏண்டி, ஒக்காந்துக்கிட்டே இருக்கியே, எந்திரிச்சா ஆஸ்திரேலியா தெரிஞ்சிருமோ?" என்றார். அவரும் அதே சாக்கில் தைத்தவர்தான்.

எந்த நாடானாலும் நாங்கள் கேட்ட கேள்வி ஒரே மாதிரி. அங்கே பெரிய துரை யார்? ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு எத்தனை காம்பரா? எத்தனை றாத்தல் கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது முழுச் சம்பளம்? கங்காணி அடிப்பாரா? பர்மாவில் துரைமார் போய்விட்டார்களாம் என்று ஹுசைன் நானா சொன்னதாக, அந்த மாதம் பர்மாவாக இருந்த வீரய்யா வந்து சொன்னபோது, "அப்ப பெரட்ட யாரு எடுக்குறா?" என்று எல்லாரும் கவலைப்பட்டோம். நான்தான் அதிகமாகக் கவலைப்பட்டேன்.

ஐம்பத்து நாலில் எனக்கு நோர்வே விழுந்தது. டிஸ்பென்சரியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மீனெண்ணெய்ப் போத்தல் ஒன்றை மட்டும் கொண்டுபோனேன். அடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. அண்ணன் அதை மோந்து பார்த்து, "ஆளுக்கு ஒரு சொட்டு. ஊரத் தெரிஞ்சுக்கணும்னா உள்ள எறங்கணும்" என்று எல்லார் நாக்கிலும் விட்டார். மற்ற எல்லாரும் வெளியே ஓடினோம். அண்ணன் மட்டும் விழுங்கிவிட்டு, கண்ணில் நீரோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இதக் குடிச்சுக்கிட்டு ஒரு சனம் இருக்குதுன்னா, அது எப்பிடிப்பட்ட சனமா இருக்கும்? இது போத்தலப் பாத்துத் தெரிஞ்சுக்கிற காரியமில்ல. கேட்டே ஆகணும். தங்கச்சி, ஒரு கடுதாசி எழுது."

சங்கத்தில் எழுதத் தெரிந்தவள் நான்தான். மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்ட படிப்பு. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு பேருக்குள் எனக்கு இருந்த தலைக்கனம் ஒரு ஹெட்மாஸ்டருக்கும் இருந்திருக்காது. அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"பெரிய துரை அவர்களுக்கு, மூக்கன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே வாலிபர் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். உங்கள் இடத்தைப் பற்றி அறிய ஆசை. அங்கே லயம் எத்தனை காம்பரா? எத்தனை றாத்தலுக்கு ஒரு பேர்? மழைக்குக் கம்பளி கொடுப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா? எங்களைப் போல வாலிபர் அங்கே இருந்தால் பதில் போடச் சொல்லவும்."

முகவரி எழுதும்போது அண்ணன் கேட்டார், "நோர்வேன்னு மட்டும் போட்டாப் போதுமா தங்கச்சி?"

"என்னண்ணே நீங்க, தோட்டம்னு போடாட்டி எப்பிடிப் போகும்?" என்று சிரித்தேன். நான் பார்த்த கடிதங்கள் எல்லாவற்றிலும் துரைக்கு அடுத்த வரியில் தோட்டம் இருந்தது. தோட்டத்துக்கு அடுத்த வரியில் தலவாக்கலை இருந்தது. எந்தக் கடிதமும் தலவாக்கலையில்தானே ரயில் ஏற வேண்டும்? ஆகவே "நோர்வே தோட்டம், தலவாக்கலை" என்று முத்து முத்தாக எழுதினேன். ஹுசைன் நானாவிடம் காட்டலாம் என்று அண்ணன் சொன்னார். எனக்கு மேல் ஒரு வாத்தியாரா என்று ரோசம் வந்து, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன். அனுப்பியவர் முகவரியையும் மறக்காமல் பின்னால் எழுதினேன். அந்த ஒன்றைத்தான் சரியாகச் செய்தேன். வினையும் அதில்தான் வந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பெரட்டில் மூக்கன் என்ற பெயரைக் கணக்கப்பிள்ளை கூப்பிடவில்லை. மற்ற எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு ஏட்டை மூடினார். பெயரைக் கூப்பிடவில்லை என்றால் வேலை நின்றுபோயிற்று என்று அர்த்தம். களம் காலியாகும்வரை அண்ணன் கம்பளியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

காரணம் பிறகு தெரிந்தது. அப்படி ஒரு தோட்டம் இல்லை என்று தபால்காரர்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்ப, அது தபால் பையில் எங்கள் ஆபீசுக்கு வந்து, கணக்கப்பிள்ளை கையில் கிடைத்திருக்கிறது. அவர் பிரித்துப் படித்திருக்கிறார். இன்னொரு துரைக்குக் கடிதம். வாலிபர் பன்னிரண்டு பேர். லயம் எப்படி, றாத்தல் எப்படி, கம்பளி உண்டா? இதற்குத் தோட்டத்தில் ஒரே அர்த்தம்தான். ஆள் கிளப்புகிறான். அந்தக் காலத்தில் இரவோடிரவாக ஒரு கூட்டத்தையே அடுத்த தோட்டத்துக்கு இழுத்துப்போன கங்காணிகள் உண்டு. அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு கிடையாது. நோர்வே என்ற பெயரும் சந்தேகமாகப் படவில்லை. சுற்றிலும் உள்ள தோட்டங்களுக்கெல்லாம் வெள்ளைக்காரன் தன் ஊர்ப் பெயரைத்தானே வைத்திருந்தான்.

மாலை நாலு மணிக்கு ஆபீஸ் வராந்தாவில் விசாரணை. குற்றம் உறுதியானால் பத்துச்சீட்டு. அதைக் கையில் கொடுத்துவிட்டால் வேலையும் இல்லை, லயக் காம்பராவும் இல்லை. அண்ணனும் கண் தெரியாத அவர் தாயாரும் அன்றைக்கே சட்டிபானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். கங்காணியான என் அப்பா கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்னைப் பிடித்து, "கடுதாசி எழுதினது நீதான்னு வாயத் தொறந்த, கால ஒடிச்சுப்புடுவேன். கல்யாணத்துக்கு நிக்கிற புள்ள, ஞாபகம் வச்சுக்க" என்றார். நான் திறக்கவில்லை. காளியாயி அக்காவோடு வராந்தாப் படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

துரை நாற்காலியில் இருந்தார். பெரிய கிளார்க்கர் கடிதத்தை வாசித்து இங்கிலீசில் சொன்னார்.

"மூக்கன், நீ ஆள் கூட்டிட்டு வேற தோட்டம் போறதா?" என்று துரை தன் தமிழில் கேட்டார்.

"அது தோட்டமில்லைங்க தொரை. நாடுங்க. மீனெண்ணெய் வர்ற நாடு."

"பொய்யி தொரை!" என்றார் கணக்கப்பிள்ளை. "தலவாக்கலைன்னு எழுதியிருக்கு. தலவாக்கலைக்குள்ள எந்த நாடு இருக்கு? இது ஏதோ ரகசியமாப் பேரு வச்சு எழுதினது."

"யார் எழுதினது?"

"நாந்தாங்க தொரை" என்றார் அண்ணன்.

கிளார்க்கர் பென்சிலும் தாளும் நீட்டினார். அண்ணன் குந்தி உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். சுருட்டு ஒன்று பாதி எரிகிற நேரம் ஆயிற்று. நிமிர்த்திக் காட்டினால் பி, ஓ, பி. தகட்டில் வெட்டியிருப்பது போலவே, ஒவ்வொரு எழுத்திலும் நடுநடுவே இடைவெளி விட்டு.

துரை தன் தோட்டத்துத் தேயிலையின் தரத்தை நெடுநேரம் பார்த்தார். "இது அந்தக் கை இல்லை" என்றார் கிளார்க்கர். "யாருன்னு சொல்லு மூக்கன். சொல்லாட்டிப் பத்துச்சீட்டு எழுத வேண்டியதுதான்."

அண்ணன் தாளைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். அவர் தாயார் படியைத் தடவிக்கொண்டு, "எங்க சாமி போவோம்? எங்களுக்கு யாரு இருக்கா?" என்று அழுதார். காளியாயி அக்கா என் தொடையில் கிள்ளினார். நான் அசையவில்லை. அந்த அழுகையைக் கேட்டு நீதிக்காக எழுந்து நின்றேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. கிளார்க்கர் கடித உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரோ ஒரு மடையன். முகவரி எழுதக்கூடத் தெரியல" என்றார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சரியாத்தாங்க எழுதியிருக்கேன்!" என்று தொட்டிக்குப் பின்னாலிருந்து கத்தினேன்.

எல்லாரும் திரும்பினார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். என்னை மேலே கூப்பிட்டார்கள். போனேன்; ஓடுவதற்கு வேறு வழி இருக்கவில்லை.

"தலவாக்கலைன்னு ஏம்மா எழுதின?" என்றார் கிளார்க்கர்.

"எல்லாக் கடுதாசிக்கும் அதுதானுங்களே எழுதுவோம்."

"நோர்வே எங்க இருக்குன்னு தெரியுமா?"

"கடலுக்கு அங்கிட்டுங்க. கப்பல்ல எண்ணெய் வருது."

"கடலுக்கு அந்தப் பக்கம்னு தெரிஞ்சும், தோட்டம்னு ஏன் போட்ட?"

எனக்கு அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது. இவ்வளவு படித்தவருக்கு இது தெரியவில்லையே!

"தோட்டம் இல்லாட்டி சனம் எங்கங்க இருக்கும்?" என்றேன்.

கிளார்க்கர் அதை இங்கிலீசில் சொல்லத் தொடங்கி, பாதியில் சிரிப்பு வந்து நிறுத்தி, மறுபடி சொன்னார். துரை சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த சுருட்டு தரையில் விழுந்தது. ஆள் கிளப்புகிறவர்கள் இவ்வளவு முட்டாளை வைத்துக்கொண்டு கிளப்ப மாட்டார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. பத்துச்சீட்டு இல்லை, மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட வேண்டும் என்றார். பிள்ளைக்காம்பராவை மட்டும் இனிமேல் திறக்கக் கூடாது என்றார். ஒரு மனிதரின் பிழைப்பை என் அறிவு காப்பாற்றியிருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரியலாம். காப்பாற்றியது மற்றது.

சிரிக்காமல் நின்றவர் அண்ணன் ஒருவர்தான். எல்லாரும் கலைகிற நேரத்தில் அவர் துரைக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டினார்.

"கடுதாசியக் குடுத்துருங்க தொரை. முகவரி மாத்திப் போடணும்."

கிளார்க்கர் உறையில் என் எழுத்தை அடித்துவிட்டு, இங்கிலீசில் ஏதோ எழுதிக் கொடுத்தார். பதில் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. நோர்வேயின் பெரிய துரைக்கு என்ன வேலையோ.

திரும்பும் வழியில் அண்ணன் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தோட்டம் இல்லாட்டி சனம் எங்க இருக்கும்னு கேட்டியே தங்கச்சி" என்றார். "அதத்தான் நானும் தெரிஞ்சுக்கணும்னு பாக்குறேன்."

பிள்ளைக்காம்பரா போனபிறகு சங்கம் ரோட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கத் தலவாக்கலைக்கு நாலு மைல் நடக்கும்போது அண்ணன் முன்னால் நடந்துகொண்டே நாடுகளைக் கூப்பிடுவார். பின்னாலிருந்து ஒவ்வொருவராகப் பதில் சொல்வோம். எதிரே வருகிற பஸ்காரர்கள் எங்களை ஏதோ பஜனைக் கூட்டம் என்று நினைத்துக் கும்பிட்டதும் உண்டு. எனக்கு மட்டும் ஊரெல்லாம் ஒரே பெயர் நிலைத்துவிட்டது. ஹட்டனில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டிலும், தாலி ஏறி ஒரு மணி நேரத்துக்குள் என் நாத்தனார் மீனம்மா, "நோர்வே தோட்டத்துப் பொண்ணு இதுதானா?" என்று கேட்டாள்.

அறுபத்து நாலில் இரண்டு அரசாங்கமும் கூடிப் பேசி, எங்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று பிரித்தன. அதுவும் ஒரு பெரட்டு. பிறகு ஃபாரங்கள் வந்தபோது, எந்த நாட்டுக்குப் போடுவது என்று லயம் லயமாக அண்ணனிடம்தான் வந்து கேட்டார்கள். நாடு தெரிந்த ஆள் அவர்தானே. அவர் ஃபாரத்தைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாராம்.

"எல்லா நாட்டுக்கும் ஆள் வச்சேன். இந்தியாவுக்கு மட்டும் வைக்காம விட்டுட்டேனே, நமக்குத் தெரிஞ்ச ஊருதானேன்னு" என்றாராம்.

வீரய்யா குடும்பம் போயிற்று. இன்னும் ஐந்தாறு பேர் போனார்கள். காளியாயி அக்கா போவதற்கு முன்பே காலமாகிவிட்டார். போனவர்களிடமிருந்து கடிதம் வந்தால் அண்ணன் யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லி, அங்கே மழைக்கு என்ன போடுகிறார்கள் என்று கேட்டுப் பதில் எழுதச் சொல்வார் என்று கேள்வி. என்னிடம் மட்டும் எழுதக் கொடுப்பதில்லை.

மூக்கன் அண்ணன் இப்போதும் அதே தோட்டத்தில், அதே லயத்தில், அதே காம்பராவில்தான் இருக்கிறார்.